சொல்தா வாசலில் நிற்கிறார்

மருந்து கொடுப்பது, தூக்கி உட்காரவைப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, இதையெல்லாம் வில்லியனூர் டிரெய்னிங்கிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு எழுத்தும் மெதுவாகத்தான் வரும். இரண்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தை மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் நான் கூட இருந்து பார்த்துக்கொண்ட ஒருவர் முதுகிலும் ஒரு சிவப்புத் தடம் வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

நெட்டப்பாக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “யக்கா, மறதி வந்தவங்க அவங்க பாட்டுக்கு இன்னான்னாவோ பேசிக்கினு கெடக்குறாங்க. கேட்டுக்கினு இருக்கறதா, நிறுத்தறதா?”

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் சொல்கிற பதில் இல்லை அது. ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். அதனால் எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் இல்லை, இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். ஊரில் மிலிட்டரி ஐயா என்பார்கள். ராணுவத்தில் சின்ன ஆபீசராகச் சேர்ந்து, மேலே மேலே போய், கடைசியில் ராணுவத்துக்கு உளவு சேகரிக்கிற பிரிவுக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்குள் போனால் அது தெரியாது. சுவரில் ஒரு மெடல் இல்லை, யூனிபாரம் போட்ட படம் ஒன்று இல்லை. ஒரு காலண்டர், ஒரு கடிகாரம், இறந்துபோன மனைவியின் படம். அவ்வளவுதான் ஹால்.

ஒரே மகள், மாலதி என்று பெயர், பெங்களூரில் இருந்தார். வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியது அவர்தான். ஆனால் என்னைக் கேள்வி கேட்டு எடுத்தது ஐயா.

“உனக்கு எத்தனை வீட்டு ரகசியம் தெரியும், அஞ்சலை?” இதுதான் முதல் கேள்வி.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா.”

“பொய்.”

“பொய்தாங்கய்யா.”

சிரித்தார். அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அப்போது அவர் தெளிவாகத்தான் இருந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போடுவார், எழுந்து வந்த காரணத்தை மறந்து நடு ஹாலில் நிற்பார், அவ்வளவுதான். ஆனால் டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், போகப் போக எல்லாம் கலைந்துவிடும் என்று. ஐயா அதை மழை வரப்போகிறது என்பது போல என்னிடம் சொன்னார்.

“மறக்கறதுல எனக்குப் பயமில்ல, அஞ்சலை. மறக்கறதுக்கு முன்னாடி வாய் தளந்துடும். அதுலதான் பயம்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவருக்குச் செய்தி கொண்டுவந்து கொடுத்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்களாம். விறகு வெட்டுகிறவன், கழுதை ஓட்டுகிறவன், டீக்கடைக்காரன், இப்படி. அவர்கள் பெயர் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயர் வெளியே வந்தால் அந்த ஆள் இருக்கமாட்டான். அவன் ஏற்கெனவே செத்திருந்தால் அவன் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

“நான் எப்ப பேரு சொல்ல ஆரம்பிக்கிறேனோ, அப்ப பக்கத்துல யார் இருந்தாலும் வெளியே அனுப்பு. என் பொண்ணா இருந்தாலும் சரி.”

“நான் இருந்தா?”

“நீயும்தான். நிறுத்த முடிஞ்சா நிறுத்து, முடியலைன்னா எழுந்து போ.”

“கேக்குறவரு நல்லவரா இருந்தா?”

“கேக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு யோசிக்காத. கேக்கறானான்னு மட்டும் பாரு.”

இந்த ஒரு பேச்சை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த வேலையில் யாரும் இதைவிட உபயோகமாக ஒன்று சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னார், அவர் செய்த தப்பு ஒன்று. சின்ன ஆபீசராக இருந்த காலம். எங்கேயோ மலைப்பக்கத்து ஊர், எந்த ஊர் என்று சொல்லவில்லை. விறகு வெட்டுகிற ஆள் ஒருவன் அவருக்குச் செய்தி கொண்டுவருவானாம். சந்தையில் ஒருநாள் எதிரில் வந்திருக்கிறான். இரண்டு பேரும் தெரியாதவர்கள் போலக் கடந்து போகவேண்டும், அதுதான் முறை. ஆனால் நம் ஊரில் எப்படி? தெரிந்த முகம் எதிரில் வந்தால் வாய் சும்மா இருக்குமா? சாப்பிட்டாயா என்று கேட்காமல் போனால் அது மனுஷத்தனமா? பாகூர்ப் பக்கம் வளர்ந்த வாய். அந்த மலைப்பக்கத்துப் பாஷையில் “சாப்டியா?” என்று கேட்டுவிட்டார்.

ஆபீசர் போய் ஒரு விறகுவெட்டியைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா. பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

“அன்னிக்கோட அந்த வார்த்தைய விட்டுட்டேன்” என்றார் ஐயா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வந்த நாளிலிருந்து அவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை. பெரிய ஆபீசர், வேலைக்காரியை ஏன் கேட்கப்போகிறார் என்று நினைத்திருந்தேன். மகள் போன் செய்தாலும் கேட்கமாட்டார். “ம். சரி. வெச்சுடறேன்” என்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் பேச்சு தப்பான பக்கம் திரும்பினால், நான் வந்து “டாக்டர் போன் பண்ணாருங்கய்யா” என்று சொல்லவேண்டும். அதைக் கேட்டதும் அவர் நிறுத்திவிடுவார். ஆரம்பத்தில் அது வேலை செய்தது. பழைய சிநேகிதர் ஒருவர் வந்து பேசிக்கொண்டிருந்தபோது சொன்னேன், உடனே பேச்சை மழைக்கும் நெல்லுக்கும் திருப்பிவிட்டார். அந்த மனிதர் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மத்தியான நேரங்களில் பழைய கதை பேசுவார். ராணுவக் கதை இல்லை, சின்ன வயசுக் கதை. அவர் அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வெளியிலிருந்து வந்திருக்கிற பெண்களுக்காகச் சொல்கிறேன், அப்படிப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் பக்கம் ‘சொல்தா’ என்பார்கள். சைகோனுக்கெல்லாம் போய் வந்தவர்கள். எங்கள் காட்டேரிக்குப்பத்திலும் ஒரு சொல்தா இருந்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் அடம் பிடித்தால் அம்மா, “சும்மா கெட, சொல்தா வர்றாரு” என்பாள். மூச்சு வராது எங்களுக்கு.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உங்களுக்கு ஊர்லதான் சொல்தா. எங்களுக்கு வூட்டுக்குள்ளயே சொல்தா. வாசல் கேட்டுத் தாப்பாள் சத்தம் வந்தாப் போதும், எங்கம்மா ‘டேய் சின்னவனே, வாய மூடு, சொல்தா வந்துட்டாரு’ன்னுவாங்க. பெத்த அப்பனையே அப்படித்தான் சொல்லுவாங்க. ராணுவத்துல வாய மூடறதுக்குத் தனியா டிரெய்னிங் குடுத்தாங்க. எனக்குத் தேவைப்படல.”

நான் அப்போது சிரித்ததோடு சரி. இது பின்னால் உதவும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் நிறைய இழந்துவிட்டார். முதலில் இந்தி போனது, பிறகு இங்கிலீஷ். கடைசியில் மிஞ்சியது அவர் அம்மா பேசிய பேச்சு. “இன்னா”, “வூடு”, “துன்னு”. அத்தனை பெரிய ஆபீசர் வாயில் அது வந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் பெயர்கள் மட்டும் போகவில்லை. அவை உள்ளேயே இருந்தன. சில மத்தியானங்களில் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ பெயர் சொல்ல வாயெடுப்பார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அவர் சொன்னது சொன்னதுதான், “நீயும்தான்.”

ஒருமுறை யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டார். பயந்துபோய் மாலதி அம்மா முன்கதவுக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டச் சொன்னார். பூட்டினோம். அன்றைக்கே ஐயா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். தட்டைக் கொண்டுபோனால் கம்பியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாயைத் திறக்கமாட்டார். மறுநாளும் அப்படியே. தண்ணீர்கூட இல்லை.

மாலதி அம்மா போனில் அழுதார். “ஊட்டி விடுங்க அஞ்சலையம்மா, கொஞ்சம் அதட்டியாவது ஊட்டுங்க.”

நான் ஸ்பூனோடு கிட்டே போனேன். ஐயா மெதுவான குரலில் கேட்டார்: “உன்ன எவன் அனுப்பிச்சான்?”

அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். தன்னைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார். பிடிபட்டவன் எதிரி கையால் சாப்பிடமாட்டான். நான் அதட்டினால் எதிரி என்று உறுதியாகிவிடும். என் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். “சாவி உங்ககிட்டதான் இருக்குதுங்கய்யா. நான்தான் உள்ள மாட்டிக்கினு இருக்கறன்” என்றேன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டார்.

அவர் எழுந்து கதவைத் திறந்து போனால் என்ன செய்வது? போகலாம். அன்று முழுக்க அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் போகவில்லை.

மணப்பட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற கன்னியம்மாள் மட்டும் என்னைக் கிண்டல் செய்தாள். கூடையை இறக்கமாட்டாள், வளையல் கையால் இரும்புக் கேட்டுத் தாழ்ப்பாளை டங்கென்று அடிப்பாள்.

“இன்னாக்கா, கைதி கையிலயே சாவியக் குடுத்துட்டியாமே. உன்னிய ஜெயில்ல வேலைக்கு வெச்சா ஊரே வெளிய வந்துடும்.”

“நீ மீனக் காட்டு.”

“காட்டறன். உங்க மிலிட்டரி துன்னுவாரா, இல்ல மீனும் எதிரியா?”

இந்தக் கன்னியம்மாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் அந்த ஆள் வந்தார். காலையில் மாலதி அம்மா போன் செய்து, “அப்பாவுக்குக் கீழ வேலை பார்த்தவராம். அப்பாவைப் பத்திப் புத்தகம் எழுதறாராம். உட்கார வெச்சு காபி குடுங்க” என்று சொல்லியிருந்தார். கார் வந்தது. நல்ல உயரம், நரைத்த மீசை, பணிவான பேச்சு. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். இனிப்பு வாங்கி வந்திருந்தார். ஐயா காலைத் தொட்டுக் கும்பிட்டார். யூனிபாரம் போட்ட கூட்டத்தோடு எடுத்த பழைய படம் ஒன்றைக் காட்டினார். அதில் ஐயா நடுவில் நின்றார், இவரும் ஓரத்தில் நின்றார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. டீப்பாயில் தன் போனை மல்லாத்தி வைத்தார். அதில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

முதலில் பொதுவாகத்தான் கேட்டார். எந்த வருஷம் சேர்ந்தீர்கள், குளிரில் எப்படி இருந்தீர்கள். ஐயாவுக்கு ஒரே குஷி. யாரோ தன்னை சார் என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார், பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை.

பிறகு கேள்வி மாறியது. என்ன கேட்டார் என்பதை அப்படியே எழுதமாட்டேன். ஒரு இடத்தில் ஐயாவுக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டார். சாதாரணமாக, காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

ஐயா, “ரெண்டு பேரு இருந்தானுங்க” என்றார்.

என் கையில் காலித் தண்ணீர் டம்ளர்கள். அங்கேயே நின்றுவிட்டேன்.

“டாக்டர் போன் பண்ணாருங்கய்யா” என்றேன்.

“எந்த டாக்டர்?”

“உங்க டாக்டர்தாங்கய்யா.”

“அப்பால பேசறன்னு சொல்லு.”

எங்கள் ஏற்பாடு அவருக்கு மறந்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் அழுத்தி. வந்தவர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னார்: “நீங்க உள்ள போயி வேலையப் பாருங்கம்மா. சாரை நான் பாத்துக்கிடுதேன்.” பிறகு ஐயாவின் முழங்காலில் கையை வைத்தார். “சொல்லுங்க சார். ரெண்டு பேரு. பேரு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம இன்னா. ஒருத்தன் பேரு…”

ஐயாவின் நெற்றி சுருங்கியது. நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே தேடினார்.

நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள். அவர் காபியைத் தட்டிக் கொட்டலாம். கொட்டினால் துடைத்துவிட்டு மறுபடி கேட்பார். வந்தவரை வெளியே போகச் சொல்லலாம். அவர் மகள் அனுப்பிய விருந்தாளி, நான் சம்பள ஆள். போகமாட்டார், போனாலும் போனில் மகளிடம் பேசிவிட்டுத் திரும்பி வருவார். நான் கொல்லைக்குப் போகலாம். ஐயா எனக்கு அதற்கு உத்தரவு கொடுத்திருக்கிறார். போனால் என் காது சுத்தமாக இருக்கும். அந்தப் பெயருக்குரிய ஆள், அல்லது அவன் பிள்ளைகள், எங்கேயோ அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது வெளியே இரும்புக் கேட்டுத் தாழ்ப்பாள் டங்கென்று அடித்தது.

ஐயாவின் விரல் நின்றது. கண் வாசல் பக்கம் போனது. ஒரு நொடிதான், மறுபடி அந்தப் பெயரைத் தேடிப் போகப்போகிறார். நான் டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டு அவர் காதருகே குனிந்தேன்.

“டேய் சின்னவனே, வாய மூடு. சொல்தா வந்துட்டாரு.”

தளபதிகள் சல்யூட் அடித்த மனிதரை நான் டேய் என்றேன். அவர் வாய் டக்கென்று மூடியது. இரண்டு கையும் நாற்காலியிலிருந்து நழுவித் தொடையோடு ஒட்டிக்கொண்டன. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

வந்தவர் தலையாட்டினார். “ஆமாம்மா, சொல்லுதாரு. நல்லாத்தான் சொல்லுதாரு. நீங்க குறுக்க பேசாதீங்க.”

நான் குனிந்து சொன்னதில் ‘சொல்தா’ மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது, அதுவும் அவர் பக்கத்துப் பேச்சில் ‘சொல்லுதாரு’ என்று. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“சார், ஒருத்தன் பேரு என்னன்னு சொன்னீங்க?”

ஐயா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்?”

வெளியிலிருந்து கன்னியம்மாள் குரல் வந்தது. “யக்கா, கெழங்கா மீனு இருக்குது. வேணுமா, வாணாமா? ஆள வெயில்ல காய வெச்சிக்கினு உள்ள இன்னா பண்ற?”

வந்தவர் என்னைப் பார்த்தார். “யாரு வந்திருக்கிறது?”

“மீன்காரம்மாங்க.”

“அதுக்கா சார் இப்படி உட்கார்ந்திருக்காரு?”

“மறதிங்க. அப்பப்போ இப்பிடி ஆயிடுவாரு.”

அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டினார், காலை அமுக்கினார், இனிப்பைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். ஐயா உதட்டைப் பிரிக்கவில்லை. கடைசியில் போனை எடுத்துச் சிவப்புப் புள்ளியை அணைத்தார். புறப்படும்போது ஐயா காலை மறுபடி தொட்டுக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அது உண்மையான அழுகை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் நல்லவரா, வேறு யாராவது அனுப்பி வந்தவரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. அவர் கேட்டார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

கார் போன பிறகு ஐயா என் பக்கம் சாய்ந்து, குசுகுசுவென்று கேட்டார்: “சொல்தா பூட்டாரா?”

இந்த இடம்தான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமான இடம். காரில் வந்தவரைச் சமாளித்ததைவிடக் கஷ்டம். போய்விட்டார் என்று சொன்னால் இந்தக் கிழவர் தோள் தளர்ந்து உட்காருவார், நிம்மதியாக மூச்சு விடுவார். ஆனால் அந்தப் பெயர் இன்னும் அவர் நாக்கின் மேலேயே இருக்கிறது. அந்த ஆள் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது போய்விட்டார் என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை சொல்தா என்றால் பயம் இருக்குமா, யாருக்குத் தெரியும்.

“இல்லடா கண்ணு. வாசல்லதான் நிக்கிறாரு” என்றேன்.

தலையாட்டினார். கஞ்சியைச் சத்தமில்லாமல் குடித்தார்.

மத்தியானம் மாலதி அம்மா போன் செய்தார். குரலே சரியில்லை.

“அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கார். நீங்க அப்பாவைப் பேச விடலையாமே. உங்க வேலை மருந்து குடுக்கறது அஞ்சலையம்மா, விசாரிக்கறது இல்ல. இப்படின்னா நான் வேற ஆள் பாக்கவேண்டி வரும்.”

“பாருங்கம்மா. ஆனா வர்றவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டுத்தான் போவேன். ஐயா தெளிவா இருக்கும்போது என்கிட்ட ஒரு வேலை குடுத்தாரு. அது மருந்து குடுக்கற வேலை இல்ல.”

“என்ன வேலை?”

சொன்னேன். பெயர்களைப் பற்றி, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. ‘என் பொண்ணா இருந்தாலும் சரி’ என்று ஐயா சொன்னதையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு மனசில்லை.

பிறகு மாலதி அம்மா சொன்னார்: “எங்கப்பா என்ன வேலை பார்த்தாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு நாளும் உட்கார்ந்து பேசினதில்ல. அந்தப் புத்தகம் வந்தாலாவது படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

வேறு ஆள் பார்க்கும் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. காரில் வந்தவரும் மறுபடி வரவில்லை. மகள் வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

ஆனால் சொல்தா வாசலை விட்டுப் போகவில்லை. தினம் காலையில் ஐயா கேட்பார், பூட்டாரா என்று. நான் இல்லை என்பேன். வாசலில் நிழல் அசைந்தால் கையைத் தொடையோடு ஒட்டிக்கொள்வார். இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வயசான மனிதரைச் சின்னப் பிள்ளையாக்கி, அப்பனைக் காட்டிப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் சரி, இரண்டு பக்கமும் வலி. அப்படி ஒரு நிலைமை இந்த வேலையில் வரும், டிரெய்னிங்கில் சொல்லமாட்டார்கள்.

கன்னியம்மாளிடம்தான் சொன்னேன்.

“இன்னாக்கா, என்னியப் போய் சொல்தான்னுட்டியா? எங்க வூட்டுக்காரன்கூட என்னப் பாத்து அவ்ளோ பயப்படல” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏன்க்கா, அந்த சொல்தா எப்பவும் மொறச்சிக்கினேதான் நிக்கணுமா? கொஞ்சம் நல்லவராத்தான் இருக்கட்டுமே” என்றாள்.

எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். மறுநாள் ஐயா கேட்டபோது, “நிக்கிறாரு. ஆனா இன்னிக்கு உங்களுக்கு ரொட்டி வாங்கியாந்திருக்காரு” என்றேன். பாகூர் பேக்கரியிலிருந்து நீளமான ரொட்டி வாங்கி வந்திருந்தேன், பாலில் நனைத்துக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள், “சொல்தா சிரிச்சாருடா” என்றேன். நம்பவில்லை அவர். “எங்கப்பாவா?” என்றார். “உங்கப்பாதான். நம்ம சின்னவன் கெட்டிக்காரன், வாயத் தொறக்கலன்னு சொன்னாரு.” ஐயா வெகுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை மட்டும் மெதுவாகத் தொடையிலிருந்து விலகி மடிக்கு வந்தது.

அப்படியே காவல் நின்றார் சொல்தா, பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, பெயர் ஒன்றும் வெளியே வரவில்லை.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, மகளை வரச் சொல்லுங்கள் என்றார். மாலதி அம்மா காரில் வந்துகொண்டிருந்தார். மத்தியானம், வெயில் ஜன்னலில் அடித்தது. வீட்டில் நானும் ஐயாவும்தான். மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார்.

“சொல்தா?”

கம்பிக் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். போனை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் உத்தரவுப்படி நானும் வெளியே போகவேண்டும். அந்த நேரத்தில் அவரைத் தனியாக விட்டுப் போக என்னால் ஆகவில்லை. நம் வேலையில் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடுவதில்லை. அவர் அருகில் உட்கார்ந்தேன்.

“பூட்டாருங்கய்யா. டியூட்டி முடிஞ்சிட்டுது. நீங்க பேசலாம்.”

பேசினார். நிறைய இல்லை, கொஞ்சம். நான் கேட்டேன். என்ன பேசினார் என்று என்னை யாரும் கேட்கவேண்டாம்.

அப்புறம் அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஐயா முகம் மலர்ந்து, தெரிந்த ஆளைச் சந்தையில் எதிரில் பார்த்த மாதிரி கேட்டார்:

“சாப்டியா?”

அந்த வீட்டில் நான் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பதில் வராமல் போனால் கேட்டவருக்கு எப்படி இருக்கும். “சாப்டேங்கய்யா. வயிறார சாப்டேன்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறக்கவில்லை.

வெயில் இறங்கும்போது மாலதி அம்மா வந்து சேர்ந்தார். அப்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏதாவது சொன்னாரா?”

“சாப்டியான்னு கேட்டாரும்மா.”

மாலதி அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரைக் கேட்டார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.